ஒருமுறை மட்டுமே நுழையலாம்

1

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சென்னையிலிருந்து யார் ஃபோன் செய்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "என்ன ஸ்டெல்லா, இந்த வருஷமும் ஆல்ப்ஸா?" தி. நகரில் இருக்கும் சித்தி கேட்பார். பழைய காலேஜ் தோழி கேட்பாள். கேட்பவர்கள் மனதில் ஓடுவது சினிமாப் பாட்டு. பனிமலை, மெல்லிய புடவை, காற்றில் பறக்கும் முந்தானை. எனக்கு ஆல்ப்ஸ் என்றால் நினைவுக்கு வருவது வேறு. அழுக்குத் தட்டுகள் நிறைந்த பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில், ரப்பர் செருப்போடு, குழாயடியில் என் முறைக்காக நிற்பது.

தெற்கு ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு நாங்கள் வந்து பத்து வருடம் ஆகிறது. அதைக் கொண்டாடும் விதமாக என் கணவர் தாமஸ் கேரவனுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கி வந்திருக்கிறார். எனக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லை. கேரவனுக்குத் திரைச்சீலை! அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேரவன் என்றால் என்ன என்று ஊரில் பலருக்குத் தெரியாது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சக்கர வீடு அது. சாந்தோமில் எங்கள் வீட்டுச் சமையலறையைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் கட்டில், மேஜை, அடுப்பு, அலமாரி, கழிப்பறை எல்லாம் உண்டு. ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும். தாமஸுடன் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் புதிது வாங்கியபோது தன் பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார்.

"ஹோட்டல் தேட வேண்டாம், ஸ்டெல்லா. வீட்டையே கூட்டிக்கிட்டுப் போகலாம்" என்றார் தாமஸ்.

"வீட்டை விட்டுட்டுப் போறதுக்குப் பேர்தானே லீவு?" என்றேன். அவர் காதில் விழவில்லை. டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

2

கேரவன்களும் கூடாரங்களும் வரிசையாக நிற்கும் இந்த முகாம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு யாராவது பொறாமைப்பட்டால் அது அவர்கள் பாடு.

போய்ச் சேர்ந்ததும் கேரவனை நமக்கு ஒதுக்கிய புல்தரையில் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். தாமஸ் அடையாறு பஸ் டெப்போ பக்கத்தில் வளர்ந்தவர். பஸ் திருப்புவதைப் பார்த்தே தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர். இவர் இடது பக்கம் திருப்பினால் கேரவன் வலது பக்கம் போகும். நான் பின்னால் நின்றுகொண்டு "வா, வா, வா... ஒடி, ஒடி... ஹோல்டான்!" என்று கத்துவேன். சுற்றியுள்ள ஜெர்மன்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, அரை மணி நேரம் சமன் செய்வார். ராத்திரி படுத்தால் எப்படியும் நான் அவர் பக்கம் உருளுவேன்.

தண்ணீர் பிடிக்க குடம்போல ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து இடம் பிடித்து, சண்டை போட்டு, கையொடியத் தூக்கிவந்தவள் நான். அந்த வரிசையிலிருந்து தப்பித்து விமானம் ஏறினேன். இங்கே விடுமுறை எடுத்து, பாஸ்போர்ட் காட்டி, மலையேறி வந்து அதே வரிசையில் நிற்கிறேன். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் சண்டை போடுவதில்லை. அதனால் பொழுதும் போவதில்லை.

ஒரு முறை மோர் மிளகாய் வறுத்தேன். கேரவனின் சின்ன ஜன்னல் வழியாக அந்தக் காரப் புகை கிளம்பி, காற்றோடு போய், நாலு கூடாரம் தள்ளி இருந்தவர்களைக்கூட இரும வைத்தது. ஒருவர் எரிவாயுக் கசிவு என்று நினைத்து, தன் மனைவியையும் நாயையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடிவிட்டார். அன்றைக்குத் தயிர்சாதத்துக்கு ஊறுகாய்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே மதிய ஓய்வு என்று ஒன்று. ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை முகாமில் சத்தம் கூடாது. வாசலில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். கார் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். பந்து விளையாடுகிற குழந்தையைக்கூட "உஷ்" என்பார்கள்.

எங்கள் மகள் நிஷாவுக்கு இதெல்லாம் பிடித்துப்போனது. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், ஜெர்மனில் பதில் சொல்வாள். பிறகு அதுவும் குறைந்து தோளைக் குலுக்கினாள். முகாமில் எங்களுக்குப் பத்தடி முன்னாலோ பின்னாலோதான் நடப்பாள். நாங்கள் யாரோ, அவள் யாரோ. இந்தப் பெண் தமிழை மொத்தமாகத் துடைத்துப் போட்டுவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

3

நான் சொல்ல வந்தது இரண்டு வருடத்துக்கு முன், 1994 கோடையில் நடந்தது.

சாந்தோம் மாதா கோயில் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அடையாறில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போய்வருவார். அம்மா இறந்து அப்போது இரண்டு வருடம். வீட்டில் அப்பாவும் என் தம்பி அருளும் மட்டும். அருள் பாண்டி பஜார் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தான்.

அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவள் வைதேகி. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்து, அறிவிப்பும் கொடுத்துவிட்டார்கள். அது ஒரு மாதம் ரிஜிஸ்தர் ஆபீஸ் பலகையில் தொங்க வேண்டும். தொங்கியது. எங்கள் வீட்டிலும் தெரியாது, அவர்கள் வீட்டிலும் தெரியாது.

எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அப்பாவிடம் சொல்லும் வேலையை அருள் என்னிடம் ஒப்படைத்திருந்தான்.

"நீதான்க்கா சொல்லணும். நீ சொன்னா அப்பா கேப்பாரு."

"நான் சொல்லி அவர் எதைடா கேட்டிருக்காரு?"

"நீ தூரத்துல இருக்கேல்ல. உன்ன திட்ட மாட்டாரு."

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு தனிச் சாபம். ஊரில் யாரும் யாரிடமும் சொல்லத் துணியாததையெல்லாம் நம் காதில் போட்டுவிடுவார்கள். பெரிய தைரியசாலி என்று நினைத்து அல்ல. அடி எட்டாத தூரத்தில் இருக்கிறாள் என்று.

சொல்கிறேன் சொல்கிறேன் என்று நானும் தள்ளிப்போட்டேன். அதற்குள் தாமஸின் லீவு வந்துவிட்டது. தனியாக விசா எடுத்துக்கொண்டு போய், ஆஸ்திரியாவில் ஒரு முகாமில் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலை முகாம் அலுவலகத்துக்கு அருள் ஃபோன் செய்து, உடனே கூப்பிடும்படி சேதி சொல்லியிருந்தான். கூப்பிட்டேன்.

"க்கா, மோசம் போயிட்டேன். நம்ம கோயிலுக்கு வர்ற வக்கீல் குமாஸ்தா ஒருத்தரு அந்த போர்டைப் பாத்துட்டாரு. இன்னிக்கு சாயந்தரம் பூசைக்கு வருவாரு. அப்பாகிட்ட கண்டிப்பா கேப்பாரு. அதுக்குள்ள நீ சொல்லிடு, ப்ளீஸ்க்கா."

"இப்பவே சொல்றேன். குடு அவர்கிட்ட."

"அவரு டியூஷனுக்குப் போயிருக்காரு. நாலு மணிக்கு மேலதான் வருவாரு. ஆறு மணிக்குப் பூசை."

ஊரில் நாலரை மணி என்றால் எங்களுக்கு மதியம் ஒரு மணி. அடுத்த முகாமும் ஆஸ்திரியாவில்தான், பக்கத்துப் பள்ளத்தாக்கில். பன்னிரண்டுக்கெல்லாம் போய்விடலாம், அங்கிருந்து ஃபோன் செய்துகொள் என்றார் தாமஸ். சரி என்று கிளம்பினோம். அந்தச் "சரி"யை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

4

தாமஸ் வரைபடத்தில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மலையைச் சுற்றாமல் நேராகப் போகும் நல்ல சாலை. ஒரு சின்ன விஷயம்தான். அந்தச் சாலை நடுவில் கொஞ்ச தூரம் ஜெர்மனிக்குள் புகுந்து மறுபடி ஆஸ்திரியாவுக்குள் போகிறது. மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் போகிறீர்கள், நடுவில் மந்தைவெளி மட்டும் வேறு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனிக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தோம். மறுபடி ஆஸ்திரிய எல்லைக்கு வந்தபோது, எங்களுக்கு முன்னால் போன கார்களையெல்லாம் கையசைத்து அனுப்பிய அதிகாரி எங்களை மட்டும் ஓரம் கட்டினார். இந்திய பாஸ்போர்ட் மூன்று. புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும்."

"ஆமாம். நாங்கள் ஆஸ்திரியாவில்தான் இருக்கிறோம். அங்கிருந்துதான் வருகிறோம்" என்றார் தாமஸ்.

"இருந்தீர்கள். வெளியே போய்விட்டீர்கள்."

"இருபது நிமிடம்தான்."

"வெளியே என்றால் வெளியே." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நம் ஊரில் என்றால் இரண்டு பேர் கத்துவோம், யாராவது சமாதானம் பேச வருவார்கள், பெரிய அதிகாரி ஒருவர் டீ குடித்துவிட்டு வருவார், ஏதோ ஒரு வழி பிறக்கும். இங்கே அவர் மன்னிப்புக் கேட்டார், நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினார், திரும்பிப் போகச் சொன்னார்.

விசா எடுத்தபோது தூதரகத்தில் "எத்தனை முறை நுழைவீர்கள்?" என்று கேட்டார்கள். "ஒருமுறைதான்" என்று பெருமையாகச் சொன்னவர் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

"எல்லைன்னு அங்கே போர்டுல எழுதியிருந்துது. நான் பாப்பாகிட்ட சொன்னேன்" என்றாள் நிஷா ஜெர்மனில், பின் சீட்டிலிருந்து. அவள் அப்பாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள், இங்கத்துப் பழக்கம்.

திரும்பிப் போக நாங்கள் தயார்தான். கேரவனைத் திருப்ப வேண்டுமே! தாமஸ் முன்னும் பின்னுமாக ஆட்டி, சாலையின் குறுக்கே கச்சிதமாக நிறுத்திவிட்டார். இரண்டு நாட்டு வண்டிகளும் நின்றுவிட்டன. நான் இறங்கி "ஒடி, ஒடி" என்றேன். கடைசியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து கொக்கியைக் கழற்றி, கேரவனைக் கையால் தள்ளித் திருப்பினார்கள். நிஷா சீட்டுக்கு அடியில் சரிந்து, தலையில் சட்டையைப் போட்டு மூடிக்கொண்டாள்.

எல்லையிலிருந்து திரும்பி, அந்த ஜெர்மன் மூலையிலேயே முதலில் கண்ணில் பட்ட முகாமுக்குப் போனோம். மணி ஒன்று தாண்டியிருந்தது. எங்கள் கண் முன்னால் தடுப்புக் கட்டை இறங்கியது.

"மூணு மணிக்குத் திறந்துடுவாங்க. அதுவரைக்கும் காபி போடேன்" என்றார் தாமஸ்.

மூன்று மணி என்றால் ஊரில் ஆறரை, பூசையே தொடங்கியிருக்கும். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. எழுதினால் அப்பா படிப்பார்.

5

அலுவலக ஜன்னலைத் தட்டினேன். உள்ளே மேஜைமேல் ஒரு ஃபோன், பக்கத்தில் மீட்டர். முகாமை நடத்தும் ஹூபர் அம்மாள், அறுபது வயதிருக்கும், பின்னல்வேலையிலிருந்து தலையைத் தூக்கி, சுவரில் தொங்கிய அறிவிப்பைக் காட்டினார். மதிய ஓய்வு. நான் மறுபடி தட்டினேன். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தார்.

எனக்கு ஜெர்மன் வரும். ஆனால் பதற்றம் வந்தால் வேற்றுமை உருபுகள் என்னைக் கைவிட்டுவிடும். யார் யாரை, யாருக்கு என்பதெல்லாம் குழம்பிவிடும். தமிழாசிரியர் மகளுக்கு இது வெட்கக்கேடு. "என் தம்பி புதன்கிழமை கல்யாணம் செய்யப் போகிறான், அப்பாவுக்கு இன்றே சொல்ல வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு நான் சொன்னது, "என் தம்பி புதன்கிழமை என் அப்பாவைக் கல்யாணம் செய்யப் போகிறான், இன்றே சொல்ல வேண்டும்."

ஹூபர் அம்மாள் ஜன்னலை முழுதாகத் திறந்தார்.

அப்போது நிஷா காரிலிருந்து இறங்கி வந்தாள். என்னை இடித்துக்கொண்டு முன்னால் நின்று, மடமடவென்று பேசினாள். மாமா ஒரு பெண்ணைக் காதலிக்கிறார், அவள் வேறு மதம், இரண்டு வீட்டுக்கும் தெரியாது, தாத்தா கோயிலுக்குப் போனால் வேறொருவர் சொல்லிவிடுவார், அவர் தனியாக இருக்கிறார், பாட்டி இறந்துவிட்டார், அவருக்கு அதை வெளி ஆளிடமிருந்து கேட்கும்படி ஆகக்கூடாது. இதில் ஒரு வார்த்தைகூட நான் அவளிடம் சொன்னதில்லை. எல்லாம் தமிழில், ஃபோனிலும், கேரவனுக்குள் தாமஸிடமும் நான் புலம்பியவை. ஒன்று விடாமல் காதில் வாங்கியிருக்கிறாள்.

ஹூபர் அம்மாள் கதவைத் திறந்தார். முகாமின் சரித்திரத்தில் அதுதான் முதல் முறையாம்.

அப்பா இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு, ஸ்டெல்லாவா? லீவுல இருக்கேன்னு சொன்னியேம்மா. உடம்பு கிடம்பு..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. ஒரு விஷயம் சொல்லணும். அருள் கல்யாணம் பண்ணிக்கப் போறான்."

"நல்ல விஷயம்தானே. யாரு பாத்த பொண்ணு?"

"அவனே பாத்தது. வர்ற புதன்கிழமை. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல."

ஹூபர் அம்மாள் பின்னலை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பேரு?"

"வைதேகி."

"குளத்துப் பக்கமா?"

"ஆமாப்பா. ரெண்டு வீட்லயும் ஒத்துக்க மாட்டாங்கன்னு பயந்துதான்..."

"என்னை யாரு கேட்டா? நான் ஒத்துக்கலேன்னு யாருகிட்ட சொன்னேன்?" அப்பாவின் குரல் ஏறவில்லை. "நேத்து ராத்திரி எதிர்ல உக்காந்து சாப்பிட்டான். ரசத்துல உப்பு இல்லேன்னான். அதைச் சொல்ல வாய் இருந்துச்சு. இதை ஜெர்மனி வழியா சொல்லி அனுப்புறான்."

"அப்பா..."

"பூசைக்கு நேரமாச்சும்மா." வைத்துவிட்டார்.

ஹூபர் அம்மாள் கேட்டார்: "அப்பா என்ன சொன்னார்?"

"பூசைக்குப் போகிறார்."

"நல்லது. கோபம் இறங்கும்" என்றார். அவருக்கு என் அப்பாவைத் தெரியாது.

உடனே அருளின் அலுவலகத்துக்குப் போட்டேன். காத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"இன்னாக்கா, சொல்லிட்டியா? இன்னா சொன்னாரு?"

"ரசத்துல உப்பு இல்லேன்னு சொன்னியாமே."

"ஹாங்?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பத்து மாதமாகப் பழகுகிற பெண்ணைப் பற்றி, பத்தடி தூரத்தில் படுத்திருக்கிற அப்பாவிடம் சொல்ல உனக்குத் துப்பில்லை, நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்றே தெரியாத நிலையில், பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி, முன்பின் தெரியாத அம்மாள் முன்னால் நின்று உனக்காகப் பேச வேண்டுமா, என்று கொட்டித் தீர்த்தேன். அவனும் விடவில்லை.

"நீ மட்டும் என்னாக்கா? அம்மா செத்தப்ப மூணாம் நாள் வந்தே, பத்தாம் நாள் போயிட்டே. அப்புறம் இந்த வீட்ல நான்தானே கீறேன். அவரு மூஞ்சியப் பாத்துகினு சொல்றதுக்கு எனக்கு வரல. வரலன்னா விடேன்!"

அவன் சொன்னது நிஜம். ஃபோனில் ஏதோ தள்ளுமுள்ளு. வேறொரு குரல் வந்தது.

"அக்கா, நான் வைதேகி பேசறேன். இவர் இப்படித்தான், ஒரு வாரமா பயந்துண்டே இருக்கார். உங்கப்பா கோயில்லேர்ந்து எப்போ ஆத்துக்கு வருவார்?"

"ஏழு மணி ஆகும். ஏம்மா?"

"நான் போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

"நீ தனியாவா?"

"இவரை அழைச்சுண்டு போனா தெருமுனையிலேயே நின்னுடுவார், அக்கா. அப்புறம் நான் இவருக்கும் தைரியம் சொல்லணும், அவருக்கும் பதில் சொல்லணும்."

6

ஜெர்மன்காரர்கள் அடுத்தவர் விஷயத்தில் தலையிட மாட்டார்கள் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்று மாலை தட்டுத் தொட்டியோடு குழாயடிக்குப் போனேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "உங்கள் அப்பா என்ன சொன்னார்?" என்றாள். கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யப் போன தாமஸிடம், ஹாலந்துக்காரர் ஒருவர், "பெண் வீட்டில் சொல்லியாயிற்றா?" என்று விசாரித்திருக்கிறார். ஹூபர் அம்மாளின் வேலை. எங்கள் தெருவில்கூட ஒரு சேதி பரவ ஒரு ராத்திரியாவது ஆகும்.

மறுநாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். நிஷா ஃபோனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். போ என்றேன், போகவில்லை.

"கோயில்ல அந்த குமாஸ்தா கேட்டாரு. எனக்குத் தெரியும், மக சொல்லிட்டான்னேன்" என்றார் அப்பா. "உன்னால பொய் சொல்லாம தப்பிச்சேன்."

"அந்தப் பொண்ணு வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. வாசல்லயே நின்னுகிட்டு, 'நான் வைதேகி, உங்க பிள்ளைய கல்யாணம் பண்ணிக்கப் போறேன், சொல்லாம பண்ணிக்கறது எனக்குச் சரியாப் படலை'ன்னுச்சு. உள்ள வாம்மான்னேன். காபி போட்டுக் குடுத்தேன். சக்கரை ஜாஸ்தின்னுச்சு."

"அவ்ளோதானா? நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேன். உங்க வீட்ல சொல்லிட்டியான்னு கேட்டேன். இல்ல, இங்கேர்ந்து நேரா அங்கதான் போறேன்னுச்சு. போச்சு. அவங்கப்பா, போறதுன்னா இப்பவே போயிடுன்னுட்டாராம். ராத்திரியோட ராத்திரியா ஒரு பையோட கிளம்பி, இப்ப லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கு."

"அருள்?"

"இருக்கான். ரெண்டு இட்லி சாப்பிட்டான். இன்னும் என் மூஞ்சியப் பாக்கல." சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. "நான் இப்ப அவங்க வீட்டுக்குக் கிளம்பிட்டு இருக்கேன்."

"யார் வீட்டுக்கு? அப்பா, அவங்க கோவமா இருப்பாங்க. எதுக்கு நீங்க போய் அவமானப்பட..."

"அந்த வயசுப் பொண்ணு என் வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லுச்சு. நான் போய்ச் சொல்லலேன்னா அதைவிடச் சின்ன ஆளாயிடுவேன்."

போனார். கதவைத் திறந்தார்களாம். உட்காரச் சொல்லவில்லையாம். நின்றபடியே, என் மகன் குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், பயப்படுவான், அவ்வளவுதான் அவனிடம் குறை, உங்கள் பெண்ணுக்கு என் வீட்டில் ஒரு குறையும் வராது என்று சொல்லிவிட்டு வந்தாராம். வைதேகியின் அம்மா உள்ளே அழுகிற சத்தம் கேட்டதாம். அவள் அப்பா, "சொல்லியாச்சா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாராம். கச்சேரி ரோடு முழுக்க நடந்தே வந்தேன் என்றார் அப்பா. பஸ் ஏறத் தோணலையாம்.

அந்த வாரம் முழுதும் நாங்கள் அந்த மூலையிலேயே கிடந்தோம். ஆஸ்திரியாவுக்குள் போக வழியில்லை, ஊர் திரும்ப தாமஸுக்கு மனமில்லை. மழை விடவேயில்லை. எதிரே மலை இருக்கிறது என்று சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. தாமஸ் கட்டையை எடுப்பதும் வைப்பதுமாகக் கேரவனைச் சமன் செய்துகொண்டே இருந்தார். எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. தினமும் யாராவது வந்து கேட்டார்கள். நிஷாதான் பதில் சொன்னாள். முதல் முறையாக எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "மாமா ஏன் சொல்லல?" என்று என்னிடம் கேட்டாள், தமிழில். தெரியவில்லை என்றேன். "அவர் கூடவே இருக்கறதுனாலயா?" என்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் போய் உட்கார்ந்துவிட்டேன். ஹூபர் அம்மாள் ஃபோனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி, மறுபடி. பதினோரு மணி சுமாருக்கு அப்பா எடுத்தார். மூச்சு வாங்கியது.

"இப்பத்தாம்மா பூட்டைத் திறக்கறேன். முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டும் சாப்பிடப் போயிருக்குதுங்க, கூடப் படிச்ச பசங்களோட. நான் வெயில்ல முடியாதுன்னு வந்துட்டேன்."

"அவங்க வீட்லேருந்து?"

"யாரும் வரல." அப்பா தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "ஒரு ஆட்டோ வந்து நின்னாலும் அந்தப் பொண்ணு திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அருளுக்குக் கூடப் படிச்ச பசங்க ஒரு கூட்டமே வந்திருந்துச்சு. சாட்சிக் கையெழுத்துப் போட நானும் அவன் பக்கந்தான் நின்னேன். அங்க இருந்த ஆளு, 'பொண்ணு சைடுல யாரு கீறாங்க?'ன்னான். யாரும் பேசல. மறுபடி கேட்டான். அது வாயத் திறந்து, யாரும் இல்லேன்னு சொல்லப் போச்சு."

"அப்புறம்?"

"அதைச் சொல்ல விடுவாங்களாம்மா? நான் அந்தப் பக்கம் போய் நின்னுட்டேன்."

நிஷா என் கையைப் பிடித்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டேன். என்ன உறவுன்னு கேட்டான்" என்றார் அப்பா. "தகப்பன்னு சொல்லிட்டேன்."